விலைப் போரும் விளையாட்டுப் பெட்டியும்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



களுதாவளைப் பதியில் எழுந்தருளியிருக்கும் சுயம்புலிங்கப் பிள்ளையாரை வணங்கி என் பேச்சைத் தொடங்குகின்றேன்.

ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவதே வழக்கம். வீடியோ விளையாட்டுப் பெட்டிகளின் விலையைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று செயலாளரிடம் சொன்னபோது, அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, பெரியவர்களும் வருவார்களே" என்றார். பெரியவர்கள் வருவதனாலேதான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். பெட்டியை விரும்புகின்றவர்கள் பிள்ளைகள். பணம் கொடுக்கின்றவர்கள் பெற்றோர்கள். இரு சாராரும் ஒரே மண்டபத்தில் இருந்து ஒரே கணக்கைக் கேட்பது நன்று அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வரும் வழியில் என்னை மறித்தார். "ஐயா, பொடியன் கேக்கிற அந்த விளையாட்டுப் பெட்டிக்குக் கடையில விலையை இறக்கிப் போட்டிருக்காங்களாம். அவன் ரெண்டு நாளாச் சோறு தின்னல்ல. வாங்கலாமா?" என்று கேட்டார். நான் அவசரத்தில் இருந்தேன். "மலிவென்றால் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவரும் வாங்கினார். தண்ணீர்ப் பம்பு திருத்துவதற்கென்று வைத்திருந்த பணம் அது என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இன்று, காலம் தாழ்த்தி, உங்கள் முன்னிலையிற் சொல்ல வந்திருக்கின்றேன்.

முதலிற் பெரியோர்களுக்காக ஒரு விளக்கம். தொலைக்காட்சியோடு இணைத்து, கையிலே ஒரு பிடியை வைத்துக்கொண்டு, திரையில் வரும் உருவங்களை ஓடச் செய்தும் பாயச் செய்தும் விளையாடுவதற்கான ஒரு சிறு கணினியே இப்பெட்டி. வீட்டுக்கென்று இதனை முதன்முதல் விற்றது அமெரிக்காவின் மக்னாவொக்ஸ் கொம்பனி, 1972ஆம் ஆண்டு, 'ஒடிசி' என்பது அப்பெட்டியின் பெயர். இன்று இத்துறையிற் பெரியவர்கள் மூவர். ஒருவர் யப்பானின் நின்டெண்டோ. 1889இல் கியோட்டோ நகரிலே சீட்டுக்கட்டுச் செய்து விற்கத் தொடங்கிய பழைய கொம்பனி அது. மற்றவர் யப்பானின் சொனி. அவருடைய பெட்டி பிளேஸ்டேஷன். மூன்றாமவர் அமெரிக்காவின் மைக்ரோசொப்ட். அவருடைய பெட்டி எக்ஸ்பொக்ஸ். முன்பு சேகா என்று இன்னொருவரும் களத்தில் இருந்தார். அவர் எவ்வாறு களம் விட்டுப் போனார் என்பதும் நம் கதையில் வரும்.

நம் கோயில் திருவிழாக்களிலே கடைசி இரவை நினைத்துப் பாருங்கள். இரண்டு விளையாட்டுச் சாமான் கடைகள் அருகருகே இருக்கும். ஒருவர் "நூறு" என்று கூவுவார். மற்றவர் "எண்பது" என்பார். முதலாமவர் "எழுபது" என்பார். வாங்க வந்தவருக்கு அது கொண்டாட்டம். அதே கூவலை உலகச் சந்தையிற் கேட்பதுபோன்ற நிகழ்ச்சி ஒன்று 1995ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்தது. அங்கே முதலாவது பெருங் கண்காட்சி. சேகா கொம்பனியார் மேடையேறி, தங்கள் 'சற்றேண்' என்னும் புதிய பெட்டி அன்றே கடைகளுக்கு வந்துவிட்டது என்றும், விலை 399 டொலர் என்றும் அறிவித்தனர். பின்னர் சொனியின் முறை வந்தது. ஸ்ரீவ் றேஸ் என்னும் அதிகாரி மேடைக்கு வந்தார். "இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்று ஒரே ஓர் இலக்கத்தைச் சொன்னார்; இறங்கிப் போய்விட்டார். வேறு பேச்சே இல்லை. கூட்டத்திலே பெருங் கைதட்டல். நூறு டொலர் வித்தியாசம்! அந்த ஒரு சொல்லை இத்துறையார் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர்.

சேகா அதன் பின்னரும் போராடியது. 1999இல் 'டிறீம்காஸ்ற்' என்னும் நல்லதொரு பெட்டியை 199 டொலருக்கு அமெரிக்காவிற் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சொனியின் இரண்டாவது பிளேஸ்டேஷன் 299 டொலருக்கு வந்தது. விலை கூடியது என்றாலும் அதிலே திரைப்படத் தட்டும் போட்டுப் பார்க்கலாம். மக்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். சேகா தன் விலையை 149 ஆக்கியது.  பயனில்லை. 2001ஆம் ஆண்டு சனவரி மாத முடிவில், இனிப் பெட்டி செய்வதில்லை என்று அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒக்காவா அப்போது நோயுற்றிருந்தார். சுமார் 70 கோடி டொலர் பெறுமதியான தம் சொந்தப் பங்குகளைக் கொம்பனிக்கே கொடுத்துவிட்டு, அவ்வாண்டு மார்ச் மாதம் அவர் காலமானார். வியாபாரிகள் எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர் என்பதற்காக இதனைச் சொல்லி வைக்கின்றேன்.

இனி, விலையை ஏன் குறைக்கின்றார்கள் என்பதைப் பார்ப்போம். வாங்குபவர் மீது கொண்ட இரக்கத்தினாலா? 2006இல் சொனியின் மூன்றாவது பிளேஸ்டேஷன் வந்தபோது விலை 499 டொலரும் 599 டொலரும். எல்லோரும் அது மிக அதிகம் என்று முணுமுணுத்தனர். ஆனால் வெளியார் ஒருவர் அப்பெட்டியைப் பிரித்து, உள்ளிருக்கும் உறுப்புகளைக் கணக்கிட்டபோது, செய்யும் செலவே 800 டொலருக்கு மேல் என்று மதிப்பிட்டனர். அப்படியாயின் ஒவ்வொரு பெட்டியிலும் இருநூறு, முந்நூறு டொலர் நட்டம்! நட்டத்துக்கு விற்பவன் பைத்தியக்காரனா? அல்லன். அவன் பெட்டியை விற்கவில்லை. உங்கள் வீட்டுக்குள் வர ஒரு வாசலை விலைக்கு வாங்குகின்றான்.

பெட்டியை வாங்கிய பின்னர் விளையாட்டுகள் வேண்டும். அவ்விளையாட்டுகளைப் பெரும்பாலும் வேறு கொம்பனிகளே செய்கின்றன. ஆயினும் விற்கப்படும் ஒவ்வொன்றிலும் பெட்டிக்காரனுக்கு ஒரு பங்கு உண்டு. ஒரு பெட்டிக்குச் செய்தது மற்றப் பெட்டியில் ஓடாது. ஆதலின் பெட்டியை வாங்கியவன் அந்தக் கடைக்கே பல ஆண்டுகளுக்கு வாடிக்கைக்காரன் ஆகின்றான். சவரக் கத்தியின் பிடியை மலிவாய்க் கொடுத்து, அலகை விற்று இலாபம் தேடும் பழைய வழியே இது. இணையத்தினூடாகப் பிறரோடு சேர்ந்து விளையாட வேண்டுமாயின், பெரும்பாலும் அதற்கு வேறாகச் சந்தாவும் கட்ட வேண்டும். புதிய பெரிய விளையாட்டு ஒன்றின் விலை 2020ஆம் ஆண்டளவில் 60 டொலரிலிருந்து 70 டொலராக ஏறிற்று. 2025இல் நின்டெண்டோ தன் விளையாட்டொன்றுக்கு 80 டொலர் கேட்டது. கணக்குப் போடுங்கள். பெட்டி 399 டொலர். எழுபது டொலர் விளையாட்டுப் பத்து வாங்கினால் 700 டொலர். 'மலிவு' என்று பலகையில் எழுதியிருப்பது எதன் விலை? முழுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மாத்திரமே அது.

என் நண்பரின் வீட்டிலும் இதுவே நடந்தது. பெட்டி வந்த மாதமே தட்டு வேண்டும் என்று மகன் கேட்டான். ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பின்னர் அவன் நண்பர்கள் விளையாடுவது வேறொன்று என்றான். கைப்பிடி இன்னொன்று வேண்டும் என்றான். பையனை நான் குறை சொல்லவில்லை. வாசலை அமைத்தவன் அப்படித்தான் அமைத்திருக்கின்றான்.

இங்கே இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "ஐயா, போட்டியினால் எங்களுக்கு நன்மையே இல்லையா?" என்று. உண்டு, மறுப்பதற்கில்லை. 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் சொனி 299 டொலர்ப் பெட்டியை 199 ஆக்கிற்று. மறுநாளே மைக்ரோசொப்டும் 299ஐ 199 ஆக்கிற்று. சில நாட்களில் நின்டெண்டோ 199ஐ 149 ஆக்கிற்று. ஒரே கிழமைக்குள் மூவரும் இறங்கி வந்தனர். 2013இல் சொனி 399 டொலர் என்றபோது மைக்ரோசொப்ட் 499 என்றது. ஓராண்டு செல்லுமுன் அதுவும் 399க்கு வந்தது. போட்டி இல்லையேல் இவை நடந்திரா.

இன்னொன்றையும் கேளுங்கள். 2011இல் நின்டெண்டோ கைக்கு அடக்கமான ஒரு புதிய பெட்டியை 250 டொலருக்கு விற்றது. விற்பனை மந்தம். அரையாண்டிற்குள் விலையை 170 ஆக்கிற்று. முதலில் முழு விலை கொடுத்தவர்கள் ஏமாந்தவர்கள் ஆனார்கள் அல்லவா? அவர்களுக்குப் பழைய விளையாட்டுகள் இருபதை இலவசமாய்க் கொடுத்தார்கள். கொம்பனித் தலைவர் சட்டோறு இவாற்றா தம் சம்பளத்திற் பாதியைத் தாமே வெட்டிக்கொண்டார். தவறு தம்முடையது, தண்டனையும் தமக்கே என்றாற் போல நடந்தார். வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை 'நடுவு நிலைமை' என்னும் அதிகாரத்திலே வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள் போற் பேணுவதே வாணிகம் என்பது அதன் கருத்து. அவ்வறத்தின் சாயல் யப்பானிலும் தென்படக் கண்டோம்.

ஆனால் எல்லா விலைக் குறைப்பும் இத்தகையது அன்று. நம் கடலிலேயே நடந்த ஒரு விலைப் போர் உண்டு, பெரியோர் அறிவர், இளைஞர் அறிய வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டும் உரிமையை ஏறக்குறையத் தனதாக்கி வைத்திருந்தது பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கொம்பனி. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆந் திகதி வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கொம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபா; பங்கு ஒன்று 25 ரூபா; சாதாரண மக்களும் பங்கு வாங்கினார்கள். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களும் வந்து சேர்ந்தன.

அப்போது வெள்ளையர் கொம்பனி என்ன செய்தது? கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கொம்பனி எட்டணா என்றது. உடனே வெள்ளையர் கொம்பனி, காசே வேண்டாம், இலவசமாய் ஏறுங்கள், அதற்கு மேலே ஒரு குடையும் தருகின்றோம் என்றதாம்! இதனைக் கேட்டுச் சிரிக்கின்றீர்கள். அன்று குடைக்கு ஆசைப்பட்டு ஏறியவரும் சிரித்துக்கொண்டேதான் ஏறியிருப்பார். ஆனால் அந்தக் குடை கொடை அன்று, ஆயுதம். பெரிய முதல் உடையவன் நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்குவான். 25 ரூபாப் பங்குக்காரர் எத்தனை நாள் தாங்குவார்? 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிதம்பரம்பிள்ளை கைது செய்யப்பட்டார். 1911இல் சுதேசிக் கொம்பனி கலைக்கப்பட்டது. 'காலியா' கப்பலோ, எதிரியாயிருந்த அந்தக் கொம்பனிக்கே விற்கப்பட்டது. எதிரி போன பின்னர் யாராவது குடை கொடுத்தார்களா?

ஆதலின், அன்பர்களே, விலை இறங்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எஞ்சிய பணத்தை யார் கொடுக்கின்றார்கள்? போட்டியாளன் போன பின் விலை எங்கே நிற்கும்? கப்பற் போரிலே எஞ்சியதைக் கொடுத்தவர்கள் சுதேசிப் பங்குக்காரர்கள். பெட்டிப் போரிலே முதலிற் கொடுப்பவர்கள் கொம்பனியின் பங்குக்காரர்கள்; பின்னர், சிறிது சிறிதாகக் கொடுப்பவர்கள் நாம்.

இன்னொன்று, அமெரிக்காவிற் குறையும் விலை நம் தெருவுக்கு வந்து சேர்வதில்லை. 2006 செப்டெம்பரில் எக்ஸ்பொக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தபோது விலை 19,990 ரூபாவும் 23,990 ரூபாவும். 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 அங்கே 39,990 ரூபாவுக்கு வந்தது. அமெரிக்க விலையான 599 டொலரை அன்றைய இந்திய ரூபாவில் மாற்றினால் ஏறத்தாழ 25,000 தான். மீதி என்ன? கப்பற் கூலி, தீர்வை, இடைவியாபாரிகளின் பங்கு. நம் நாட்டின் கதை இன்னும் கடுமை. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபா வரை போனது. 399 டொலர்ப் பெட்டி ஒன்று, தீர்வை எதுவும் சேர்க்காமலே, சுமார் 80,000 ரூபாவிலிருந்து 1,43,000 ரூபாவுக்கு மேல் ஏறியது. எந்தக் கொம்பனியும் விலையைக் கூட்டவில்லை. நம் ரூபாவே இறங்கியது. யாரோ இருவர் தூரத்தில் விலைப் போர் செய்வதை நம்பித் தோட்டக்காரன் வீட்டுக் கணக்கை வகுத்தல் ஆகாது.

போரும் என்றைக்கும் நீடிப்பதில்லை. முன்பெல்லாம் ஒரு பெட்டி வந்து சில ஆண்டுகள் சென்றால் விலை இறங்கும், இது வழக்கம். 2025இல் அவ்வழக்கம் தலைகீழாயிற்று. 2020இல் 499 டொலருக்கு வந்த எக்ஸ்பொக்ஸ் பெட்டியின் விலை அமெரிக்காவில் மே மாதத்தில் 600 ஆகவும் அக்டோபரில் 650 ஆகவும் ஏறிற்று. சொனியும் ஆகஸ்ட் மாதத்தில் 50 டொலர் கூட்டிற்று. ஐந்தாண்டுப் பழைய பெட்டி, புதிதாய் வந்த நாளை விட விலை கூடியது! விலையைக் குறைக்கத் தெரிந்தவனுக்குக் கூட்டவும் தெரியும்.

அப்படியாயின், பெட்டியே வேண்டாம் என்று சொல்கின்றேனா? இல்லை. விளையாட்டு மனிதருக்கு வேண்டும். நம் பெரியவர்கள் கிளித்தட்டு மறித்தார்கள், போர்த்தேங்காய் அடித்தார்கள், ஊரை இரண்டாகப் பிரித்துக் கொம்பு முறித்தார்கள். இவை எல்லாம் கூடி விளையாடியவை. ஒருவர் வீட்டு அறைக்குள் அடைந்து விளையாடியவை அல்ல. ஆகவே மன்றத்தினரிடம் என் வேண்டுகோள் இது. ஐம்பது வீடுகள் ஐம்பது பெட்டி வாங்குவதினும், மன்றத்து மண்டபத்தில் ஒரு பெட்டி இருந்தாற் போதாதா? சனிக்கிழமை பின்னேரங்களில் பெரியவர் ஒருவர் பார்வையில் முறைவைத்து விளையாடட்டும். பரீட்சைக் காலத்திற் பூட்டி வைக்கட்டும். ஒரு தட்டை ஐம்பது பேர் விளையாடினால் வாசல் வைத்த கொம்பனிக்கு அன்றோ நட்டம்!

வீட்டில் வாங்கத்தான் வேண்டும் என்போர், கடைக்குப் போகுமுன் ஒரு கடதாசி எடுங்கள். பெட்டி, இரண்டாவது கைப்பிடி, ஓராண்டுக்கான விளையாட்டுகள், சந்தா, மின்சாரம். இவ்வளவையும் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையைத் தந்தையும் மகனும் சேர்ந்திருந்து பாருங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் இல்லாமல் எதனையும் வாங்காதீர்கள். 2003ஆம் ஆண்டு முதல் நுகர்வோரைக் காக்கச் சட்டமும் அதிகார சபையும் நம் நாட்டில் உண்டு; ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவனுக்காக அவர்கள் எதனை வைத்துப் பேசுவார்கள்?

இளைஞர்களுக்கு இறுதியாக ஒன்று. 2009ஆம் ஆண்டில் இரண்டாவது பிளேஸ்டேஷனுக்கென்று அனுமானைத் தலைவனாகக் கொண்ட விளையாட்டு ஒன்று வெளிவந்தது. ஐதராபாத்திலுள்ள ஒரு நிறுவனத்தின் இளைஞர்கள் அதனை ஆக்கினார்கள். இந்தியாவிலேயே முழுமையாக ஆக்கப்பட்ட முதலாவது பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு என்று அது பேசப்பட்டது. தெய்வத்தைக் கைப்பிடியால் ஆட்டுவிப்பது முறையோ என்று இந்துக்கள் சிலர் கண்டனமும் தெரிவித்தனர். அவ்வாதத்தைப் பெரியோர்களிடம் விடுகின்றேன். நான் சொல்ல வருவது வேறு. பெட்டியை விற்பவனுக்கு மற்றவர் செய்யும் விளையாட்டிலேதான் இலாபம் என்று கண்டோம். அப்படியாயின் அவ்விளையாட்டைச் செய்பவனாக நம் ஊர்ப் பிள்ளை ஏன் இருத்தல் ஆகாது? அதற்குப் பிளேஸ்டேஷன் வேண்டாம். ஒரு சாதாரணக் கணினியும் பொறுமையும் வேண்டும். அன்று வ. உ. சி. மலிவான பயணச்சீட்டைத் தேடவில்லை, கப்பலைத் தேடினார்.

என் நண்பரின் பம்பு அவ்வருடம் திருந்தவில்லை. கோடையிலே கொடிகளுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பையனும் பக்கத்தில் நின்று வாளி தூக்கியதை நான் கண்டேன். நண்பர் என்னை இன்றுவரை ஒரு சொல் குறை கூறவில்லை; அதுவே எனக்கு வருத்தம். "மலிவென்றால் வாங்குங்கள்" என்று இனி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். "முழு விலை என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்" என்றே சொல்வேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்விளைஞர் மன்றம் மென்மேலும் வளரப் பிள்ளையாரை இறைஞ்சி அமைகின்றேன்.